வயலுக்கு வரம், மல்லிகைக்கு வம்பு

போன செவ்வாய்க்கிழமை ராத்திரி முழுக்க மழை. காலையில் துணி காயப்போடக் கொல்லையில் இறங்கினேன். மூன்றாவது அடியில் இடது கால் செருப்பைத் தரை பிடித்துக்கொண்டது, கால் மட்டும் மேலே வந்தது. குனிந்து இழுத்தேன், ‘ப்ளக்’ என்று ஒரு சத்தத்தோடு செருப்பு வந்தது, அடியில் அரைக்கிலோ மண்ணும் சேர்ந்து. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. என்னிடம் ஒரு செருப்பாவது வாங்காமல் இந்த மண் ஒரு மழைக்காலத்தையும் விட்டதில்லை.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் ஓரகத்தி. இரண்டு தெரு தள்ளிப் புது வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறாள். அதே மண், பின்பக்கம் பக்கத்து வீட்டு ஜக்கரண்டா மரத்தின் நிழல். “அக்கா, கிளே சாயில், பாதி ஷேடு, என்ன செடி வைக்கலாம், ஒரு லிஸ்ட் அனுப்புங்க” என்று கேட்டாள். லிஸ்ட்தானே என்று ஆரம்பித்தேன். பத்துப் பெயர் எழுதியதும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘ஆனால்’ போட வேண்டி வந்தது, அந்த ஆனால்கள் எல்லாம் சேர்ந்து இவ்வளவு நீண்டுவிட்டது.

நான் இருப்பது தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில். அந்தப் பெயர் ஊரில் யாருக்கும் பிடிபடாது. 1893-ல் காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட ஊர் என்றால் ‘ஓ, அதுவா’ என்பார்கள். இங்குள்ளவர்கள் சுருக்கி மாரிட்ஸ்பர்க் என்கிறார்கள். மாரிட்ஸ் என்பவர் ஒரு போயர் தலைவர், எனக்கு என்னவோ அது மாரி என்றே காதில் விழுகிறது. புனித வெள்ளியன்று மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கிற ஊருக்கு அது பொருத்தம்தான். மழையும் மாரிதானே. அக்டோபரில் பிடித்தால் மார்ச் வரை இடியும் மின்னலுமாகக் கொட்டும், ஜூன் ஜூலையில் ஒரு தூறல் விழுந்தாலே அதிசயம். ஆக எங்கள் கொல்லை பாதி வருஷம் சேறு, பாதி வருஷம் செங்கல்.

மண்ணின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த ஊர் பேரிலேயே ஒரு பாறை உண்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஷேல் என்பார்கள். கருஞ்சாம்பல் நிறத்தில் ஏடு ஏடாக உரியும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் தண்ணீருக்கடியில் படிந்த சேறு இறுகிக் கல்லானது அது, சிதைந்தால் திரும்பவும் சேறுதான். என் நாத்தனார் டர்பனில் பெரியா என்கிற மேட்டுப் பகுதியில் இருக்கிறாள், அவளுக்குக் காலடியில் சிவப்பு மணல், நேற்று ஊற்றிய தண்ணீர் இன்றைக்கு இருக்காது. எண்பது கிலோமீட்டர் தூரத்துக்குள் இப்படி. அவள் “தினம் தண்ணி ஊத்தி முடியல” என்று புலம்புவாள், நான் “தண்ணி போக மாட்டேங்குது” என்று புலம்புவேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது, இது பாறை செய்தது இல்லை, மனுஷன் செய்தது. 1950-ல், எந்த இனத்தார் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குரூப் ஏரியாஸ் சட்டம் வந்த பிறகு இந்தியர்களுக்கு என்று ஒதுக்கிய பகுதிகளில் எங்கள் நார்த்டேலும் ஒன்று. மாமா வீட்டார் இருந்த இடத்தை விட்டு அப்படி வந்தவர்கள்தான். சரிவான நிலத்தை வெட்டி, வெட்டிய மண்ணை முன்னால் தள்ளி, வீட்டுக்கு மேடை எடுத்திருக்கிறார்கள். அப்போது கறுப்பாக இருந்த மேல்மண் எல்லாம் அடியில் போய், அடியில் கிடந்த மஞ்சள் களி மேலே வந்துவிட்டது என்று மாமா சொல்வார். “பழைய வீட்டுல கத்தரிக்கா சும்மா காய்க்கும்மா” என்று அவர் ஆரம்பித்தால் அன்றைக்குச் சாயங்காலம் முழுக்க அந்தக் கத்தரிக்காயோடு போய்விடும். சரி, அதை விடுவோம்.

என் அப்பா மன்னார்குடிப் பக்கம் விவசாயி. வந்த புதிதில் வீடியோ காலில் கொல்லையைக் காட்டினேன். “அடேயப்பா, பொன்னு மண்ணும்மா, குறுவை போடலாம் போல” என்றார். அவர் சொன்னது தப்பே இல்லை. நெல்லுக்கு வயலில் தண்ணீர் நிற்க வேண்டும், அதற்காகத்தானே தண்ணீரைக் கட்டி, தொழி உழுது, மிதித்து, மண்ணுக்குள் இருக்கிற காற்றுத் துளைகளை எல்லாம் வேண்டுமென்றே அடைக்கிறோம். களிமண் துகள் 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது, தட்டை தட்டையாக ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொள்ளும், ஈரத்தில் மிதித்தால் துளை மூடி ஒரே பாளமாகிவிடும். மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் வேருக்குக் காற்று வேண்டும். மழை பெய்த மறுநாள் கொல்லையில் நடந்து, குழி வெட்டி, களையெடுத்து, நான் செய்துகொண்டிருந்த வேலைக்குப் பெயர் தொழி உழவு என்று எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் உறைத்தது. விவசாயி மகள் வேறு!

அதனால் ஓரகத்திக்கு நான் முதலில் சொன்னது செடியைப் பற்றியே இல்லை. மழைக்குப் பிறகு பதம் வரும்வரை கொல்லையில் இறங்காதே என்றேன். பதம் என்றால், ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், கட்டைவிரலால் தட்டினால் உதிர வேண்டும். உதிராமல் பிசுபிசுவென்று விரலோடு வந்தால் உள்ளே போய் டீ போட்டுக் குடிக்கலாம். இங்கே பதம் இருக்கிற நாட்கள் குறைவு, சேற்றிலிருந்து செங்கல்லுக்கு ஒரே வாரத்தில் போய்விடும், அந்த நடு நாலு நாளைப் பிடிக்க வேண்டும்.

எதிர்வீட்டில் ஒரு ஜூலுப் பாட்டி இருக்கிறார், தெருவில் எல்லோருக்கும் அவர் கோகோ. நான் முதன்முதலில் குழி தோண்டும்போது வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, ஒரு உருண்டை மண்ணைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் வைத்துப் புழு போல நீளமாக உருட்டி, அதை வளைத்து மோதிரம் மாதிரி செய்து காட்டினார். எங்கும் விரிசல் விடவில்லை. “உபும்பா” என்றார் சிரித்துக்கொண்டே. பானை வனைகிற மண் என்று அர்த்தம். மண் பரிசோதனைக்கு இதைவிட ஒன்றும் வேண்டாம், மெல்லிய திரியாக உருட்டி மோதிரமாக வளைத்தும் உடையவில்லை என்றால் கெட்டிக் களி.

அடுத்தது குழிச் சோதனை. முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி, அது நிறையத் தண்ணீர், வடிந்ததும் மறுபடி ஒரு தடவை நிரப்பி எத்தனை நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. எங்கள் கொல்லையில் மூன்று இடத்தில் செய்தேன். மாமரத்தடியில் ஒரு மதியத்துக்குள் இறங்கிவிட்டது. நடுவில் சாயங்காலம் ஊற்றியது காலையில் போயிருந்தது. தென்மேற்கு மூலையில் மறுநாள் காலையிலும் பாதிக் குழிக்குத் தண்ணீர், அதில் ஒரு தவளை. கன்னி மூலை பள்ளமாக இருக்கக்கூடாது என்று வாஸ்து சொல்லும், எங்கள் வீட்டில் அதுதான் ஆகப் பள்ளம். அம்மாவிடம் இதைச் சொல்லவே இல்லை.

ஒரே கொல்லையில் மூன்று விதம். அதனால்தான் ‘களிமண்ணுக்கான செடிகள்’ என்று யாராவது பொதுவாக ஒரு பட்டியல் கொடுத்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நான் செய்த தப்புகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருஷம் மணல் கலந்தேன். ஒரு நர்சரியில் சொன்னார்கள், நானும் பத்து மூட்டை வாங்கிக் கொட்டிக் கிளறினேன். காய்ந்ததும் கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்காத குறை. களியின் தன்மை மாற வேண்டும் என்றால் பாதிக்கு மேல் மணலாக இருக்க வேண்டும், அவ்வளவு மணல் போட்டால் வீடு மணலுக்குள் இருக்கும். கொஞ்சமாகப் போட்டால் களி மணலைச் சுற்றிப் பிடித்து சிமென்ட் பூச்சு மாதிரி ஆகிவிடுகிறது. அப்புறம் ஜிப்சம். சோடியம் உப்பு ஏறிய களிக்குத்தான் அது வேலை செய்யும், மழையில் கழுவப்பட்டுக் கழுவப்பட்டுப் புளித்துப்போன எங்கள் மண்ணுக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. பணம் போனதுதான்.

மூன்றாவது தப்பு எல்லாவற்றையும்விட நயமானது, ஏனென்றால் நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டே செய்கிறோம். ஊரிலிருந்து வந்த ஏக்கத்தில் ஒரு குண்டுமல்லி வாங்கினேன். இரண்டடிக்கு இரண்டடி குழி, அதில் இருந்த களியை முழுக்க எடுத்து வெளியே போட்டு, கடையில் வாங்கிய மெத்தென்ற மட்கு உரத்தை நிரப்பி, ராஜகுமாரி மாதிரி அதில் வைத்தேன். ஜனவரி மழையில் சுற்றியிருந்த தண்ணீர் எல்லாம் அந்த மெத்தென்ற இடத்தைத் தேடி வந்து இறங்கியது, வெளியே போக வழியில்லை. நான் தோண்டியது ஒரு வாளி. பிப்ரவரியில் இலை மஞ்சளாகி, நான் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றி, மார்ச்சில் பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தேங்காய் நார் ஊறிய நாற்றம். இப்போது எதை நட்டாலும் எடுத்த களியையே உடைத்துத் திரும்பப் போடுகிறேன், உரத்தை மேலே மூடாக்காகத்தான் போடுகிறேன், செடியின் கழுத்து தரைக்கு இரண்டு விரல் மேலே நிற்கும்படி வைக்கிறேன்.

அப்புறம் ஆடிப்பட்டம். ஆடி வந்ததும் கை துறுதுறுக்கும். இங்கே ஆடி என்றால் நடுக் குளிர்காலம், மழையே கிடையாது, தரை பாறை. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிற மாதம் என்கிற அளவில் மட்டும் ஆடி இங்கே ஆடி. முதல் வருஷம் அவரை விதை ஊன்றிவிட்டு ஒரு மாதம் காத்திருந்தது எனக்கும் ஹடீடாப் பறவைகளுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். நடுவதற்கு இங்கே நல்ல காலம், முதல் மழை விழுந்த செப்டம்பர் அக்டோபர், இல்லாவிட்டால் மண்ணில் சூடும் ஈரமும் மிச்சமிருக்கிற மார்ச் ஏப்ரல். களிமண்ணுக்கு எனக்குப் பிடித்தது இரண்டாவதுதான், மழை ஓய்ந்து பதம் நீண்ட நாள் நிற்கும்.

இனி நிழல். இதில் ஊர்க்காரர்கள் எல்லோரும் தலைகீழாக யோசிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டோம், சூரியன் வடக்குப் பக்கமாகவே போகிறது. எங்கள் கொல்லை வீட்டுக்குத் தெற்கே. ஜூன் மாத உச்சி வேளையில் சூரியன் வடக்கே 37 பாகை உயரத்தில்தான் நிற்கும், நாலு மீட்டர்ச் சுவரின் நிழல் ஐந்து மீட்டருக்கு மேல் நீளும். டிசம்பரில் அதே உச்சி வேளையில் சூரியன் தலைக்கு மேல், 84 பாகை, அதே சுவருக்கு அரை மீட்டர் நிழல்கூட இல்லை. காலையில் தென்கிழக்கில் உதித்து வீட்டைச் சுற்றிக்கொண்டு கொல்லைக்குள் வெயில் நேராக வரும். ஆக வீட்டை ஒட்டிய பாத்தி ‘பாதி நிழல்’ இல்லை. குளிர்காலத்தில் முழு இருட்டு, கோடையில் காலையிலிருந்து மதியம் வரை சுள்ளென்று வெயில். மூன்று மணிக்கு மேல் மேற்கே இருக்கிற மாமரம் மறைத்துக்கொள்ளும். ஒரு நாள் பார்த்துவிட்டு முடிவு செய்தால் ஏமாந்துபோவீர்கள். நான் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் கொல்லையை வரைந்து, மாதம் ஒருமுறை காலை எட்டு, உச்சி, மாலை நாலு என்று நிழல் எங்கே விழுகிறது என்று கோடு போட்டேன். ஒரு வருஷ வேலை. பிள்ளைகள் சிரித்தார்கள்.

சரி, செடிகள்.

கன்னி மூலைப் பள்ளத்தில் முதலில் நான் நினைத்தது கல்வாழை. ஊரில் சாக்கடையோரம் எல்லாம் அதுதானே நிற்கும். ஆனால் இங்கே அது படையெடுக்கும் அந்நியச் செடிப் பட்டியலில் இருக்கிறது, நடக்கூடாது, இருந்தால் அகற்ற வேண்டும். (அந்தப் பட்டியலைப் பார்த்தால் கொஞ்சம் மனசு கஷ்டமாக இருக்கும். உண்ணிச்செடி போனால் போகட்டும், இங்கே நம் ஆட்கள் அம்மனுக்கு வேப்பிலையாகப் பாவிக்கிற சிரிங்கா மரமும் அதில்தான் இருக்கிறது.) பிறகு கோகோதான் தன் வீட்டு வாய்க்காலோரம் நின்ற ஆரம் லில்லியில் நாலு கிழங்கு தோண்டிக் கொடுத்தார். ஜூலுவில் இந்தெபே. இங்கே ஓடையோரம் சேற்றில் தானாகவே வளர்வது. வெள்ளையாக ஒரு மடல், ஒரு தாளைச் சுருட்டிக் கூம்பு செய்த மாதிரி, நடுவில் மஞ்சள் தண்டு. தவளை இருந்த அந்தக் குழியிலேயே வைத்தேன். ஒரு வேலையும் வைக்கவில்லை. இரண்டாவது செப்டம்பரில் பதினோரு பூ.

பக்கத்திலேயே மடும்பி வைத்ததுதான் கொஞ்சம் அவசரம். மடும்பி என்றால் நம் சேப்பங்கிழங்கு, ஜூலுக்காரர்கள் அமடும்பே என்பதை இங்குள்ள இந்தியர்கள் இப்படி வெட்டிக்கொண்டார்கள். களியும் ஈரமும் அரை நிழலும் அதற்குப் போதும். ஆனால் ஆரமும் சேம்பும் ஒரே குடும்பம், இளசில் இரண்டும் ஒரே மாதிரி இலை. ஆரம் சாப்பிடுவதற்கு இல்லை, ஊசி ஊசியான உப்புப் படிகம் நிறைந்தது, வாயில் வைத்தால் நாக்கும் தொண்டையும் வீங்கிவிடும். அத்தை இலை பறிக்கப் போன அன்றைக்குத்தான் எனக்கு உதறியது. பார்த்துப் பழகினால் வித்தியாசம் தெரியும்: சேம்பிலையில் காம்பு இலையின் விளிம்பில் சேராது, கொஞ்சம் உள்ளே தள்ளி, முதுகில் சேரும். ஆரத்தில் காம்பு அந்த வெட்டு முனையிலேயே நேராகச் சேரும். தண்ணீர் தெளித்தால் சேம்பிலையில் முத்து முத்தாக உருண்டு ஓடும், ஆரம் வழவழவென்று நனையும். தெரிந்தாலும் என்ன, நான் இரண்டையும் பிரித்து மடும்பியை வேலிக்கு மறுகோடிக்கு மாற்றிவிட்டேன். தோட்டத்தில் சமையல் ஒரு பக்கம், அழகு ஒரு பக்கம். மே மாதம் கிழங்கு தோண்டி, தோலோடு உப்புப் போட்டு அவித்து, கோகோ வீட்டுக்கு ஒரு தட்டு, எங்களுக்குப் புளிக்குழம்பு.

நடுப்பகுதியில் எனக்கு மிக எளிதாக வந்தது ஹைட்ரேஞ்சா. டிசம்பரில் பூப்பதால் இங்கே கிறிஸ்துமஸ் பூ என்று சொல்வார்கள். காலை வெயில், மதிய நிழல், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கிற மண், எல்லாம் அதற்கு இங்கே இலவசம். புளிப்பு மண்ணில் நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு இருந்தால் இளஞ்சிவப்பாகும். எங்களிடம் நாலு செடி, எல்லாம் ஒரே செடியிலிருந்து வெட்டி வைத்த குச்சிகள். மூன்று நீலம். வீட்டுச் சுவர் பூச்சு உதிர்ந்து விழுகிற மூலையில் இருப்பது மட்டும் ஒரு மாதிரி ரோஸ்.

அதற்கு முன்னால் வரிசையாக டையட்டிஸ், காட்டு ஐரிஸ் என்பார்கள். வாள் போன்ற இலை, வெள்ளையும் ஊதாவுமாகப் பூ, மழை பெய்து இரண்டு மூன்று நாளில் எல்லாம் ஒன்றாகத் திறக்கும், சீக்கிரமே வாடும். பூ முடிந்த தண்டை வெட்டிவிடாதீர்கள், அதே தண்டில்தான் அடுத்த தடவையும் மொட்டு வரும். எனக்குத் தெரியாமல் ஒரு வருஷம் சுத்தமாக வெட்டி வைத்துப் பூவில்லாமல் உட்கார்ந்திருந்தேன். அகபாந்தஸும் உண்டு, அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, சாகாது, ஆனால் அரை நாளாவது வெயில் இல்லாவிட்டால் வெறும் இலைதான்.

இந்தக் கொல்லையில் எனக்கு ஆகப் பிடித்தது பிளெக்ட்ராந்தஸ். பெயரைக் கேட்டு பயப்பட வேண்டாம், ஊரில் சளிக்குக் கசாயம் போடுகிற கற்பூரவல்லியின் பங்காளி. தண்டை விரலால் உருட்டிப் பார்த்தால் அதே நாலு பட்டை. இந்த நாட்டுக் காடுகளின் நிழலில் பல வகை வளர்கிறது. ஆள் உயரத்துக்கு ஊதாப் பூக்கொத்தோடு நிற்கும் எக்லோனி, தரையோடு படர்கிற சிலியாட்டஸ், கேப் டவுன் கிர்ஸ்டன்போஷ் தோட்டத்தில் உருவாக்கிய மோனா லாவெண்டர் என்ற கலப்பினம், மூன்றும் எங்களிடம் இருக்கின்றன. மற்றதெல்லாம் பூத்து ஓய்ந்த மார்ச் ஏப்ரலில், நிழலுக்குள் இவை மட்டும் ஊதாவாக எரியும். ஒரு குச்சியை ஒடித்து ஈர மண்ணில் குத்தினால் போதும். ஓரகத்திக்கு நான் கொடுக்கப்போகிற சீதனம் இதுதான், ஒரு சாக்கு நிறையக் குச்சி.

மாமரத்தடி வேறு கதை. அங்கே களி இருந்தும் தண்ணீர் இல்லை, மரம் உறிஞ்சிக்கொள்கிறது, வேர் வலை மாதிரி மேலேயே ஓடுகிறது. புல் வைக்கலாம் என்று கிக்குயூ போட்டோம், நிழலில் சோகை பிடித்துப் போய்விட்டது; நிழல் தாங்குகிற எல்.எம். புல்தான் நின்றது. எல்.எம். என்றால் லொரென்சோ மார்க்கெஸ், மப்புட்டோவின் பழைய பெயர். மரத்துக்கு இன்னும் நெருக்கமாகக் கிராசுலா மல்டிகாவா. வட்ட இலை, இளஞ்சிவப்புப் பொடிப் பூ, பூத்தண்டிலேயே குட்டிச் செடிகள் முளைத்து விழுந்து வேர் பிடிக்கும். நட்டுவிட்டு மறந்துவிடலாம்.

கிளைவியா வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள். நிழல் என்றாலே இந்த மாகாணத்தில் அதுதான், குவாசுலு-நட்டால் காடுகளின் சொந்தப் பூ, ஆகஸ்ட் செப்டம்பரில் ஆரஞ்சு நிறத்தில் பந்தம் பிடித்த மாதிரி. ஜூலுவில் உமாயிமே. பெயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1828-ல் லிண்ட்லி என்ற தாவரவியலாளர் இந்த இனத்துக்கு நார்தம்பர்லாண்ட் சீமாட்டி சார்லட் கிளைவின் பெயரை வைத்தார். அவர் யார் என்றால், 1751-ல் ஆற்காட்டைப் பிடித்த ராபர்ட் கிளைவின் பேத்தி, மதராஸில் கவர்னராக இருந்த எட்வர்டு கிளைவின் மகள். இந்த ஊர்த் தமிழர்களில் பலருடைய முன்னோர் அந்த வட ஆற்காட்டிலிருந்துதான் 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள். கிளைவ் இங்கேயும் வந்துவிட்டார், பூவாக. அத்தையிடம் சொன்னேன், “அவன் பேரையா தினம் தண்ணி ஊத்தி வளக்கறோம்” என்றார்.

இந்தக் கிளைவியாவைக் களிமண்ணில் நேராக நட்டால் முதல் மழைக்காலத்திலேயே அடி அழுகும். காட்டில் அது மண்ணிலா நிற்கிறது, உதிர்ந்த இலைக் குவியலில் நிற்கிறது. அதனால் நான் குழியே தோண்டவில்லை. மாமரத்து வேர்களுக்கு நடுவே தரையை லேசாகக் கீறிவிட்டு, மக்கிய மாவிலையும் சுள்ளியும் ஒரு ஜாண் உயரத்துக்குக் குவித்து, அதன்மேல் செடியை உட்கார வைத்து, சதைப்பிடிப்பான அந்த வேர்களை இலைக்குப்பையால் மூடினேன். களிமண் ஒரு ஜாண் கீழே இருந்தபடியே ஈரத்தை மட்டும் கொடுக்கிறது. ஆறு செடியில் ஆறும் இருக்கின்றன. ஒரு ஆண்டு மட்டும் கறுப்பில் மஞ்சள் பட்டை போட்ட புழுக்கள் வந்து இரண்டே ராத்திரியில் இலைகளைச் சல்லடையாக்கின, லில்லிப் புழு என்பார்கள். டார்ச் வைத்துக்கொண்டு கையால் பொறுக்கி சோப்புத் தண்ணீரில் போட்டேன். வேறு வழி எனக்குத் தெரிந்து இதைவிட வேகமில்லை.

மூடாக்கு மட்டும் நான் நிறுத்தியதே இல்லை. மாவிலை, வெட்டிய புல், சமையலறைத் தோல், எல்லாம் மேலே நாலு விரல் உயரத்துக்கு. கிளறுவது கிடையாது. ஐந்தாவது வருஷத்தில் ஒரு காலை ஹடீடாக்கள் எட்டு வந்து இறங்கின. நம் ஊர் அரிவாள் மூக்கன் குடும்பம்தான், ஆனால் தொண்டை பத்து மடங்கு, விடிகாலையில் கத்தினால் தெருவே எழுந்துவிடும். அந்த நீண்ட மூக்கை எங்கள் களிமண்ணில் முழுக்க இறக்கி, இழுத்தால் மண்புழு. முன்பு ஆணி அடித்தாலும் இறங்காத தரை. எனக்கு ஓடிப்போய் அப்பாவுக்கு போன் பண்ண வேண்டும் போல இருந்தது, பண்ணினேன். அவர் கேட்டார், “அப்ப நெல்லு நிக்காதேம்மா?”

ஒத்துவராததையும் சொல்கிறேன். ரோஜா களிமண்ணில் நன்றாக வரும், ஆனால் ஆறு மணி நேர வெயிலாவது வேண்டும், எங்களுக்குக் கிடையாது. செம்பருத்தி உயிரோடு இருக்கிறது, வாரத்துக்கு இரண்டு பூ, சாமிக்கு ஒன்று, குரங்குக்கு ஒன்று. கறிவேப்பிலையைக் கொல்லையில் இரண்டு முறை கொன்றுவிட்டு மூன்றாவதை முன்வாசலில், வடக்குப் பார்த்த வெயிலில், முக்கால் அடி மேடு கட்டி வைத்தேன். இப்போது ஏணி போட்டுப் பறிக்கிறோம். குண்டுமல்லி தொட்டியில், அதே வாசலில். நவம்பரில் பூக்கும். நாலு முழம் தொடுக்கிற அளவுக்கு என்று பொய் சொல்லமாட்டேன், பின்னலில் செருக ஏழெட்டு.

இதையெல்லாம் எழுதி முடித்து, நேற்றுச் சாயங்காலம் பிளெக்ட்ராந்தஸ் குச்சிகளையும் ஒரு கிளைவியாவையும் எடுத்துக்கொண்டு ஓரகத்தி வீட்டுக்குப் போனேன். கேட்டைத் திறக்க முடியவில்லை. உள்ளே இடுப்புயரத்துக்கு ஒரு லோடு ஆற்று மணல். “களிமண்ணுல கலக்கறதுக்கு இவர் ஆர்டர் பண்ணிட்டார், அக்கா, காலைலதான் கொட்டினாங்க” என்றாள். கொழுந்தனார் மண்வெட்டியோடு பெருமையாக நின்றுகொண்டிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாதியைக் கேட்டிலிருந்து வாசல்வரை பாதைக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன். மீதிப் பாதியை அவர்கள் சின்னவன் அதற்குள் கோட்டை கட்டிக் கைப்பற்றிவிட்டான், அதன் உச்சியில் என் கிளைவியாவை நட்டிருந்தான்.